உப்பு மூட்டைக்குள் போன வில்

உப்பைக் கழுதை முதுகில் ஏற்றி ஊர் ஊராக நடந்து விற்ற காலம் அது. அந்தக் காலத்தில் செங்கண்ணன் என்றொரு அரசன் மலைநாட்டை ஆண்டு வந்தான். நல்லவன்தான். காது மட்டும் கொஞ்சம் மந்தம். அதாவது, பிடிக்காத பேச்சு அதில் நுழையாது. உங்களுக்கும் அப்படி யாரையாவது தெரிந்திருக்கும். பெயர் சொல்ல வேண்டாம்.

அவன் நாட்டில் தினை விளைந்தது, மிளகு விளைந்தது, தேன் வழிந்தது. உப்பு மட்டும் இல்லை. அதைக் கடற்கரையிலிருந்து வேம்பி என்ற வணிகப் பெண் இருபது ஆட்களும் நாற்பது கழுதைகளுமாகக் கொண்டு வருவாள். வழியில் ஒரு கணவாய். கணவாயின் மேலே கொள்ளைக்காரர்கள்.

அவர்களுக்குக் கண் கூர்மை. வருகிறவர்கள் தோளில் வில் தெரிந்தால் மேலேயே நின்று பாறையை உருட்டுவார்கள். வில் தெரியாவிட்டால் சாவகாசமாக இறங்கி வந்து அடித்துப் பறிப்பார்கள். முதல் தடவை வேம்பி உப்பை இழந்தாள். இரண்டாம் தடவை உப்போடு தன் தம்பியையும் இழந்தாள். மூன்றாம் தடவை கிளம்ப அவளுடைய ஆட்கள் பயந்தார்கள். மலைநாட்டில் எல்லோரும் உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேம்பி அரசனிடம் வந்தாள். காட்டுப் பன்றி விரட்டி வில் பழகியவள் அவள்.

"வில்லு வேணும் மகாராசா. ஆனா மேல நிக்கிறவன் கண்ணுக்கு அது தெரியக் கூடாது. உப்பு மூட்டைக்குள்ள அடங்கணும். அவனுங்க கீழ இறங்கிட்டா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஆள் உயர வில் மூட்டைக்குள் எப்படி அடங்கும்? அரசன் தன் நாட்டில் வில் செய்கிறவர்கள் மூன்று பேரை அழைத்தான்.

முதலாமவன் வில்லையே குட்டையாகச் செய்து கொண்டுவந்தான். மூட்டைக்குள் அழகாக அடங்கியது. ஆனால் எய்த அம்பு அரண்மனை முற்றத்தைத் தாண்டவில்லை. அவனுக்குச் சோறு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மற்ற இருவர் கொற்றனும் பூதனும். கெட்டிக்காரர்கள். இருவருக்கும் ஒரே யோசனைதான் தோன்றியது. ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் நல்ல வில்லை இரண்டாக அறுத்து, வேண்டும்போது பொருத்திக்கொள்வது.

சொல்வது சுலபம். சடச்சி மரத்தை வெட்டி, மூன்று கோடை நிழலில் உலர்த்தி, இழைத்து இழைத்துச் செய்த வில். அதன்மேல் ரம்பத்தை வைக்க யாருக்கு மனம் வரும்? பூதன் அறுக்கும்போது அழுதான். அழுதாலும் அளவு தப்பவில்லை.

எங்கே அறுத்தார்கள் தெரியுமா? பிடியில். வில்லின் மேல்பாதி வளையும், கீழ்பாதி வளையும், கை பிடிக்கிற இடம் வளையாது. வளையாத இடத்தில் அறுத்தால் வில்லின் பலம் குறையாது. உலக்கைக்குப் பூண் போடுவோமே, அதுபோல ஒரு பாதியின் முனையில் நீளமான செப்புப் பூண் ஒன்றை மாட்டி ஆணி அடித்தார்கள். மற்றப் பாதியை அந்தப் பூணின் வாய்க்குள் செருகி நாண் ஏற்றினால் முழு வில். நாணைக் கழற்றினால் இரண்டு கட்டைகள்.

இதுவரை இருவர் வேலையும் ஒன்றுதான். கொற்றன், பூணுக்கும் மரத்துக்கும் நடுவே மயிர்கூட நுழையாதபடி இறுக்கமாகச் செய்தான். பூதன் மரத்தை நூலளவு கூடுதலாகச் செதுக்கினான். அப்படி விட்ட இடத்தை, மெழுகு தடவிய மெல்லிய நூலை மரத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சுற்று சுற்றி நிரப்பினான்.

சித்திரை மாதத்தில் சபை கூடிச் சோதித்தது. முதலில் கண்ணால் பார்த்தார்கள். கொற்றன் வில்லில் இணைப்பே தெரியவில்லை. பூதன் வில்லில் நூல் பிதுங்கி நின்றது. அடுத்து ஆட்டிப் பார்த்தார்கள். கொற்றன் வில் வாய் திறக்கவில்லை. பூதன் வில் லேசாக முனகியது. கடைசியாக எய்து பார்த்தார்கள். கொற்றன் அம்பு நூற்றைம்பது தப்படி போனது. பூதன் அம்பு பத்துத் தப்படி பின்னால் விழுந்தது.

அரசன் சிரித்தான். "என்னடா பூதா, வில்லு கேட்டா தறியக் கொண்டாந்திருக்க?"

"மரம் ஈரம் குடிச்சா பருக்கும் மகாராசா. அப்போ ஒரு சுத்து நூல உருவிட்டா உள்ள போயிரும்," என்றான் பூதன்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஈரத்தைப் பற்றி யாருக்கு அக்கறை? "இழைக்கத் தெரியாதவன் நூல் சுத்துவான்," என்றான் கொற்றன். சபை முழுவதும் சிரித்தது. கொற்றனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. அவன் கையால் ஐந்து வில் செய்ய ஆணையும் கிடைத்தது. பூதனுடைய வில்லை அரசன் வேம்பியிடம் நீட்டி, "கழுதை ஓட்டவாவது ஆகும், வச்சுக்கோ," என்றான்.

வேம்பி சிரிக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் வராது. வாசலில் பூதனை நிறுத்தி, "அண்ணே, அந்த நூல் சமாசாரத்த இன்னொரு தடவ சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டாள்.

ஆடி மாதம் உப்பு கிளம்பியது. கொற்றனும் நான்கு படைவீரர்களும் கழுதைக்காரர் வேடத்தில் உடன் வந்தார்கள். ஆறு வில்லும் பாதி பாதியாக உப்பு மூட்டைகளுக்குள் கிடந்தன. நாண்களை மூங்கில் குழாயில் அடைத்திருந்தார்கள். அம்புகள் விறகுக் கட்டுக்குள் இருந்தன.

கணவாயை நெருங்க நெருங்கச் சாரல் பிடித்தது. நான்கு நாள் விடாத சாரல். சாரலில் உப்பு என்ன செய்யும்? தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் வில் என்ன செய்யும்? குடிக்கும்.

கொள்ளைக்காரர்கள் பதினைந்து பேர். மேலேயிருந்து பார்த்தார்கள், ஒரு தோளிலும் வில் இல்லை. கோடரியும் தடியுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

வேம்பி சைகை காட்டினாள். ஆறு பேரும் மூட்டையைக் கிழித்து வில்லை எடுத்தார்கள். கொற்றன் செருகினான், நுழையவில்லை. திருகினான், நுழையவில்லை. கல்லை எடுத்து ஓங்கித் தட்டினான். மரம் வாய் பிளந்தது. வீரர்கள் நால்வரும் அதே பாடுதான் பட்டார்கள். நல்ல வேலைக்காரன் செய்தவை அல்லவா, ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தன.

கொள்ளைக்காரர்கள் ஐம்பது தப்படியில் வந்தபோது வேம்பி ஒரு சுற்று நூலை உருவினாள். போகவில்லை. முப்பது தப்படியில் இரண்டாவது சுற்றை உருவினாள். முனை மட்டும் நுழைந்தது. பத்துத் தப்படியில் மூன்றாவது சுற்றையும் உருவினாள். பூணுக்குள் மரம் இறங்கி உட்கார்ந்தது.

அதற்குள் முன்னால் நின்ற கழுதைக்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது. பிழைத்துக்கொண்டார், கவலைப்படாதீர்கள்.

வேம்பி நாண் ஏற்றினாள். முதல் அம்பு தலைவன் தொடையில் இறங்கியது. இரண்டாவது, கோடரி ஓங்கியவன் கையில். மூன்றாவது அம்பை அவள் விடவேயில்லை. நாணில் வைத்து நின்றாள், அவ்வளவுதான். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு வில் இருக்கிறது என்று நினைத்து மற்றவர்கள் ஓடினார்கள். தலைவனைக் கழுதைமேல் கட்டிக் கொண்டுவந்தார்கள். அன்று மலைநாட்டில் எல்லார் கஞ்சியிலும் உப்பு விழுந்தது.

கொற்றன் அரசனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அதற்காக அவனை மெச்சத்தான் வேண்டும். பட்டுச் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டான். அரசன் பூதனுக்கு ஆள் அனுப்பினான்.

"மரம் ஈரத்துல பருக்கும்னு தெரிஞ்சிருந்தும் ஏண்டா அன்னைக்குச் சபையில சொல்லல?"

பூதன் கை கட்டிக்கொண்டு நின்றான்.

"சொன்னேன் மகாராசா. அன்னைக்கு வெயிலடிச்சுது."

இந்தத் தடவை அது அரசன் காதில் விழுந்துவிட்டது.

ஆகையால், கேட்டவர்களே, வெயில் காலத்தில் எதைச் செய்தாலும், மழைக்காலத்துக்கென்று அதில் நூலளவு இடம் விட்டுச் செய்ய வேண்டும்.