கடைசி யுக்கிமோரி

"நான் துறவியாகிவிட்டால் என்னோடு ஒரு பெயர் செத்துப்போகும்" என்றார் கென்சோ.

மலைக்கோயிலின் தலைவி மியோரென் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். சீடரைவிட வயதில் இளையவர். கென்சோ பழைய போர்வீரர். நரைத்த குடுமியோடு அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர்.

"என்ன பெயர்?"

"யுக்கிமோரி. பனி மூடிய காடு என்று பொருள். எங்கள் முன்னோர் ஒருவர் பனிக்காலம் முழுக்கக் காட்டில் நின்று தன் பிரபுவைக் காத்தார். பிரபு தன் வாயாலேயே தந்த பெயர். நாடெல்லாம் தேடினாலும் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை."

"வீட்டில் யார் யார்?"

"இரண்டு மகன்கள். போரில் போய்விட்டார்கள். நான்தான் மிச்சம்."

"ஒற்றை மரம். அதற்குப் பெயர் காடு."

கென்சோ தலைகுனிந்தார்.

"யாரையாவது தத்தெடுத்துக்கொள்ளுங்களேன். வழக்கம்தானே?"

"கண்டவனுக்கும் கொடுக்கிற பெயரா இது?"

"பெயர் பிழைக்க வேண்டும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான், குருவே."

மியோரென் அடுத்த முள்ளங்கியை எடுத்தார்.

அந்த ஆண்டு புதிய அரசு ஓர் ஆணை போட்டிருந்தது. அதுவரை குடும்பப் பெயர் சொல்லிக்கொள்ளும் உரிமை போர்வீரர்கள் போன்ற சிலருக்கே இருந்தது. இனி எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தே ஆக வேண்டும். என்ன வைப்பதென்று தெரியாதவர்கள் கோயிலில் போய்க் கேட்டார்கள்.

மறுநாள் காலை அடிவாரத்து ஊரே படியேறி வந்தது. கென்சோ முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தவன் தொக்கிச்சி. வீடு வீடாக மலம் அள்ளி வயலுக்கு விற்பவன்.

"நல்ல பேரா ஒண்ணு குடுங்கம்மா. என் தொழில் வாடை அடிக்காம இருக்கணும்."

"யுக்கிமோரி" என்றார் மியோரென்.

துடைப்பம் நின்றது.

அடுத்தவன் ஆற்றில் மீன் பிடிப்பவன்.

"யுக்கிமோரி."

"இவனுக்கும் எனக்கும் ஒரே பேரா! அந்த நாத்தத்தோட எனக்கென்னம்மா உறவு?"

"உன் மீன் மட்டும் மணக்குதாக்கும்" என்றான் தொக்கிச்சி.

"யுக்கிமோரி" என்றார் மியோரென் மீண்டும். "அடுத்து?"

அடுத்தவள் ஓயினே, பிணம் எரிப்பவனின் மனைவி. எல்லோருக்கும் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தாள்.

"யுக்கிமோரி."

அவள் பின்னாலும் ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அதே பெயர்.

கூட்டம் இறங்கிப் போனதும் கென்சோ துடைப்பத்தை வீசிவிட்டு வந்தார்.

"என்ன செய்துவிட்டீர்கள்!"

"பிழைத்துவிட்டது."

"இது கொலை!"

"அப்படியென்றால் போய்த் திருப்பிக் கேளுங்கள். கொடுத்துவிடுவார்கள். நல்ல மனிதர்கள்."

கென்சோ படிகளைத் தாவி இறங்கினார்.

ஊருக்கு வெளியே, முதலில் எதிர்ப்பட்டது பிணம் எரிப்பவனின் குடிசை. வாசலருகே தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சமாதிக்கல். ஓயினே அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததைக் கவனிக்கவில்லை.

"மாத்சு, கேக்குதா? இனிமே நீ யுக்கிமோரி மாத்சு. அங்க யாராச்சும் எந்த வீட்டுப் புள்ளைன்னு கேட்டா, முன்ன மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்காத. வாயைத் திறந்து சொல்லு."



அவள் திரும்பினாள். பதறி எழுந்தாள்.

"சாமி! காலையில முத்தம் கூட்டிட்டு இருந்தீங்கல்ல? கோயில் அம்மா உங்களுக்கும் பேரு வெச்சாங்களா?"

கென்சோ அந்த ஈரக் கல்லைப் பார்த்தார்.

"வெச்சாங்க."

"என்ன பேரு?"

சொன்னார்.

ஓயினே வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ, நம்ம வீட்டு ஆளை வாசல்லயே நிக்க வெச்சுட்டேனே!"