நாலு நட்டும் ஒரு சிவப்புப் பெட்டியும்

"டீச்சர், விலை கம்மியா டூல்ஸ் வருதுல்லா, பேட்டரில ஓடுறது. அதை நம்பி வாங்கலாமா?"

ஆறுமுகநயினார் இதைக் கேட்டபோது எஸ்தர் டீச்சர் ஒரு காரின் ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி உதிர்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை.

டீச்சருக்கு முப்பத்தேழு வயது. ஐடிஐயில் பதினோரு வருஷம் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவர். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அங்கே வகுப்பு. அவரவர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருவார். வருகிறவர்கள் ஐந்தாறு பேர். அதில் மூத்தவர் நயினார்தான். ஐம்பத்தாறு வயது.

நயினாருக்கு ஒரு பழைய வேன் இருந்தது. விடிந்ததும் பேக்கரியில் ரொட்டியும் பன்னும் ஏற்றிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். மனைவி சண்முகவடிவும் கூடவே போவாள். அவர் ஓட்டுவார், அவள் இறக்குவாள். ஒரு மழைநாளில் நயினார் ட்ரேயோடு வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்க முடிந்தது, ட்ரே தூக்க முடிந்தது. வீல் நட்டைக் கழற்ற மட்டும் முடியவில்லை. வழியில் பஞ்சரானால் யாராவது பைக்கில் வரும்வரை புருஷனும் பொண்டாட்டியும் ரோட்டோரம் நிற்பார்கள்.

டீச்சர் வீல் ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கழட்டுங்க அண்ணாச்சி."

நயினார் ஸ்பேனரை நட்டில் மாட்டினார். பல்லைக் கடித்தார். மணிக்கட்டில் மின்னல் மாதிரி வெட்டியது. நட்டு அசையவில்லை.

"டீச்சர், முடிஞ்சா நான் ஏன் கேக்கப்போறேன்?"

"அதான் பாத்தேன்" என்றார் டீச்சர். அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நயினாருக்கு மனசு வெந்தது. எல்லார் முன்னாலும் கையைச் சோதித்துப் பார்த்தது மாதிரி இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போனைத் தடவி ஒரு செட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டார். நல்ல கம்பெனி சாமான் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. நட்டு கழற்றும் கன் ஒன்று, வேனைத் தூக்கும் ஆயில் ஜாக்கி ஒன்று. இரண்டும் வேனின் பேட்டரியிலேயே ஓடும். நான்காம் நாள் சிவப்புப் பெட்டி வந்து இறங்கியது.

அடுத்த ஞாயிறு, பெட்டியை ஒரு மாவுச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொண்டுபோனார். டீச்சர் சாக்கைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கோழியா?"

"இல்ல டீச்சர். வாங்கிட்டேன்."

கூடப் படிக்கும் பீர் முகமது எட்டிப் பார்த்தார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். எந்தச் சாமானையும் விசாரிக்காமல் வாங்காதவர்.

"இதையா? இது விளையாட்டுச் சாமானுல்லா! ஒரு மாசம் தாங்காது. டீச்சர், நீங்களே சொல்லுங்க."

"ஓட்டிப் பாக்காம நான் என்னத்தச் சொல்ல?" என்றார் டீச்சர். "திறங்க அண்ணாச்சி."

நயினார் வயரை மாட்டினார். கன்னை நட்டில் வைத்து விசையை அழுத்தினார். டர்ர்ர்ரென்று ஒரு சத்தம். இரண்டு மூன்று அடி அடித்தது. நட்டு இளகிச் சுற்றத் தொடங்கியது. நாலு நட்டும் இளகிவிட்டன. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

நயினார் கன்னைப் பிடித்தபடியே நின்றார். ஒரு வருஷமாக யாரோ ஒரு பையனையோ, லாரி டிரைவரையோ கையெடுத்துக் கும்பிட்டுக் கழற்றிய நட்டுகள் அவை. கண் கலங்கிவிட்டது. புகை பட்டதுபோலத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் அடிக்குது!" என்றார் டீச்சர். அவர் முகமும் மலர்ந்திருந்தது.

பீர் முகமது குனிந்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்து ஜாக்கி. சுவிட்சைத் தட்டியதும் உர்ரென்று வேனைத் தூக்கியது. நயினார் சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்தார். உள்ளே பார்த்தார். ஏதோ ஈரமாக மினுங்கியது.

"டீச்சர், உள்ள ஆயில் கசியுது போலருக்கே!"

மண்டியிட்டுக் குனிந்தார். தலையும் ஒரு தோளும் வேனுக்கு அடியில் போக இருந்தன.

"அண்ணாச்சி, டீ வந்துருச்சு."

"ஒரு நிமிஷம் டீச்சர், பாத்துட்டு..."

"ஆறிப் போயிரும். வாங்க."

குரலில் ஏதோ இருந்தது. நயினார் எழுந்தார். டீச்சர் வேனுக்குள்ளிருந்து ஒரு காலி ரொட்டி ட்ரேயை எடுத்தார். நயினாரின் தலை போக இருந்த இடத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தினார். கழற்றிய சக்கரத்தையும் உருட்டி வந்து பக்கத்திலேயே வேனுக்கு அடியில் படுக்கப் போட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் எதையாவது நகர்த்தி வைப்பது புதிதில்லை.

எல்லாரும் டீ குடித்தார்கள். பீர் முகமது மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்த கதையைச் சொன்னார். பாதிக் கதையில் எங்கேயோ 'கிரீச்' என்று கேட்டது.

நயினார் திரும்பினார். வேன் சாய்ந்திருந்தது. முன்னால் இருந்ததைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது. அவர் பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது. அவசரமே இல்லாமல், பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்காருவது மாதிரி. ட்ரே வளைந்தது. வளைந்து, 'படீர்' என்று இரண்டாகப் பிளந்தது. பிறகு வேன், அடியில் கிடந்த சக்கரத்தின்மேல் உட்கார்ந்து நின்றது.

டீச்சர் எழுந்து போய் ஜாக்கியின் தண்டில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலைக் காட்டினார். எண்ணெய்.

"நீங்க பாத்த ஈரம், வண்டியில இருந்து வரல அண்ணாச்சி."

நயினார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"வியாழக்கிழமை வீட்டு வாசல்ல இதை வச்சுத்தான் தூக்கிப் பாத்தேன். உள்ள ஒரு பத்து நிமிஷம் படுத்திருந்தேன். ஸ்பேனர் கேட்டேன். வடிவு பக்கத்துல குத்தவச்சு, கையை உள்ள விட்டு எடுத்துக் குடுத்தா."

ஒர்க்‌ஷாப் தகரத்தில் வெயில் ஏறிச் சடசடத்தது.

நயினார் பெட்டியை மூடினார்.

"பீர் பாய் சொன்னது சரி. இதைக் கொண்டுபோய் ஆத்துல போட்டுருதேன்."

"ஆறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் டீச்சர். பெட்டியைத் திரும்பத் திறந்தார். ஜாக்கியை வெளியே எடுத்தார். கட்டிங் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு நயினாரைப் பார்த்தார்.

"இது உங்க சாமான். கேக்காமச் செய்யக் கூடாது. செய்யட்டுமா?"

நயினார் தலையசைத்தார்.

டீச்சர் ஜாக்கியின் எண்ணெய்க் குழாயை வெட்டினார். இனி யாரும் எடுத்து உபயோகிக்க முடியாதபடி இரண்டு இடத்தில் வெட்டினார். பிறகு கன்னை எடுத்தார். அதன் முகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தார். துடைத்து, பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார்.

வேனை ஒர்க்‌ஷாப் ஜாக்கியால் தூக்கினார்கள். டீச்சர் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை அடியில் கொடுத்தார். வேனின் பக்கவாட்டில் தோளை வைத்து முட்டினார். வேன் அசையவில்லை.

"இப்ப தலையை விட்டுப் பாருங்க."

நயினார் பார்த்தார். உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. எந்தக் கசிவும் இல்லை.

சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் நயினார் கன்னை எடுத்தார். டீச்சர் தடுக்கவில்லை. நாலு நட்டையும் டர்ர்ர் என்று இறுக்கினார். வேனைத் தரையில் இறக்கியபின் டீச்சர் ஒரு நீளமான ரெஞ்சைக் கொண்டுவந்தார். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ரெஞ்ச் அது.

"இந்தாங்க. கேட்டுப் பாருங்க."

"என் கைக்கு ஆகாது டீச்சர்."

"எந்தக் கைக்கு?"

நயினார் விழித்தார்.

"போன வாரம் நான் ஸ்பேனரைக் குடுத்ததும் வலது கையால வாங்குனீங்க. இடது கை சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. அதுக்கு என்ன கேடு?"

நயினார் ரெஞ்சை இடது கையில் மாற்றினார். முதலில் ரெஞ்ச் நழுவியது. "கையால தள்ளாதீங்க, உடம்பைச் சாயுங்க" என்றார் டீச்சர். சாய்ந்தார். முதல் நட்டு இன்னும் அரைச் சுற்றுக்கு மேல் போய்த்தான் டக் என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தொட்டதுமே டக். அளவுக்கு மேல் இறுகியிருந்தது, இளக்கித் திரும்ப இறுக்க வேண்டியிருந்தது. நாலாவது கால் சுற்று.

நாலு டக் சத்தத்தையும் நயினார் காதில் வாங்கிக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. இடது உள்ளங்கை சிவந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புதிதாக யாரோ வீட்டுக்கு வந்திருப்பது மாதிரி.

மறுநாளே இரண்டு ஸ்டாண்டும், அந்த ரெஞ்சும், ஒரு நல்ல ஜாக்கியும் வாங்கினார். விலை குறைந்ததாகத் தேடவில்லை. கன்னைச் சீட்டுக்கு அடியில் போட்டுவைத்தார்.

ஏழு மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு நயினார் வகுப்புக்குப் பிந்தி வந்தார். சட்டையில் மண். கையில் கன் மட்டும் இருந்தது.

"டீச்சர், இது செத்துப்போச்சு."

பீர் முகமது நிமிர்ந்தார். நயினார் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு மாசம்னீங்க. ஏழு மாசம் தாங்கிருக்கு பாய்."

"எங்க வச்சு?" என்றார் டீச்சர்.

"இன்னைக்குக் காலைல, லோடு இறக்கிட்டு வரும்போது. குளத்தங்கரைக்கிட்ட பஞ்சர். ரெண்டு நட்டை இளக்குச்சு. மூணாவதுல 'ஙொய்'னு ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்."

"மிச்சம் ரெண்டு?"

"ஸ்பேனரை இடது கையில பிடிச்சேன். வடிவு அதுமேல ஏறி நின்னுட்டா. ரெண்டும் இளகிருச்சு. அவளுக்கு ஒரே சிரிப்பு. பத்து கிலோ குறைக்கச் சொன்ன டாக்டரை வரச்சொல்லுங்க, பாக்கட்டும்ங்கா."

எல்லாரும் சிரித்தார்கள். நயினார் கன்னைப் புரட்டிப் பார்த்தார். கடைசி முறையாக ஒரு தடவை விசையை அழுத்தினார். அசைவில்லை.

"டீச்சர், அன்னைக்குக் கேட்டேன், நீங்க இன்னும் பதில் சொல்லல. திரும்பவும் இதே விலை கம்மிச் சாமானை வாங்கவா, வேண்டாமா?"

டீச்சர் கன்னைக் கையில் வாங்கி முகர்ந்தார். கருகிய வாடை.

"இது செத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"சக்கரத்துக்குப் பக்கத்துல. குத்தவச்சு உக்காந்திருந்தேன்."

"வடிவு அக்கா?"

"ரோட்டுல நின்னு வெத்தல போட்டுக்கிட்டு இருந்தா."

டீச்சர் கன்னை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப எனக்கும் ஒண்ணு சேத்து வாங்குங்க அண்ணாச்சி."