கம்பு நனையாமல் கடலை அளந்தது

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சங்குமுனை உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், முப்பத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் அறிவியல் ஆசிரியர் சவரிராயன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

காரணம், மேலிடத்துச் சுற்றறிக்கை. கடல் அறிவியலை இனிமேல் பாடமாக நடத்தக் கூடாது. பிள்ளைகள் செயல்திட்டமாகச் செய்தே கற்க வேண்டும். கேள்வி அவர்களுடையது, பதிலும் அவர்களே தேட வேண்டும். ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கும் ஆசிரியருக்குக் கேட்ட ஊருக்கு மாறுதல் உண்டு.

சவரிராயன் கேட்கப்போகும் ஊர் வால்பாறை. மனைவி அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து குடும்பம் நடத்தியது பள்ளி விடுமுறைகளில்தான். ஆகவே சுற்றறிக்கையில் ஒரு வரிகூடப் பிசகாமல் நடப்பதென்று அவர் தீர்மானித்திருந்தார்.

முதல் கேள்வியை ஜெபஸ்டின் கேட்டான். "சார், ஒண்ணுக்குப் போகலாமா?"

சவரிராயன் குழுவாக உட்கார்ந்து ஆராயும்படி சைகை காட்டினார். குழு இரு பக்கத்து நியாயங்களையும் அலசி முடிப்பதற்குள் விடை பெஞ்சுக்கு அடியில் ஓடி வந்துவிட்டது. பையன் தானாகவே கண்டுபிடித்ததில் சவரிராயனுக்குத் திருப்தி.

மறுநாள் அளவுகோல் கம்பு வந்தது. ஆளுயரம், புதுப் பெயின்ட், சென்டிமீட்டர் கோடுகள். அதைக் கடலில் நட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். கம்பின் தலையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'அரசு உடைமை. பழுதின்றித் திருப்பி ஒப்படைக்கவும்.'

தலைமையாசிரியை கொலாஸ்டிகா சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"உப்புத் தண்ணியில நட்டா பெயின்ட் உரிஞ்சிரும் சார். அப்புறம் வால்பாறையை நீங்க காலண்டர்லதான் பாக்கணும்."

"தண்ணியில நடாம கடலை எப்படி டீச்சர் அளக்கிறது?"

உடற்பயிற்சி ஆசிரியர் பிச்சைக்கனி வாயிலிருந்த விசிலை எடுத்தார். "ஓரமா நடுவோம். தண்ணி கிட்ட வந்தா பிடுங்கிப் பின்னால நடுவோம்."

"தண்ணி உள்ள போயிட்டா?"

"பின்னாலயே நாமளும் போவோம். காலு எதுக்கு இருக்கு?"

மூவரும் சற்று நேரம் யோசித்தார்கள். அதில் குறை எதுவும் தென்படவில்லை.

அப்படியே நடந்தது. கடல் ஏறினால் பிச்சைக்கனி விசில் ஊதுவார்; பிள்ளைகள் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். இறங்கினால் இன்னொரு விசில், துரத்திக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு மணிக்கும் சவரிராயன் குனிந்து பார்த்தார். பூஜ்யம். மத்தியானம் சத்துணவுச் சட்டியை அலை கொண்டுபோனபோதும் பூஜ்யம்தான்.

சாயங்காலம் ரோஸ்லின் கை தூக்கினாள். "சார், காலையில நட்ட குழி இப்ப தண்ணிக்குள்ள கிடக்கு. அப்ப கடல் ஏறியிருக்கா?"

பதில் சவரிராயனின் நாக்கு நுனிவரை வந்தது. வால்பாறையை நினைத்து விழுங்கிவிட்டு, குழுவைக் கை காட்டினார்.

குழு வட்டமாக உட்கார்ந்தது.

"கடல் ஏறியிருந்தா கம்பு சொல்லியிருக்கும்ல?" என்றான் ஜெபஸ்டின்.

"கம்பு கவர்மென்ட்டு கம்பு. பொய் சொல்லாது," என்றாள் ரோஸ்லின், தன் கேள்விக்கு எதிராகவே.

"அப்ப குழிதான் நகர்ந்து கடலுக்குள்ள போயிருக்கு."

ஒருமனதாக எழுதிக்கொண்டார்கள்.

மாவட்டக் கண்காட்சியில் மற்றப் பள்ளிகளின் அளவுகள் மணிக்கு ஒன்றாக மாறிக் கிடந்தன. நடுவர்கள் முகம் சுளித்தார்கள். சங்குமுனை அட்டையில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்.

"இதுதான்யா துல்லியம்," என்றார் தலைமை நடுவர். கம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் தடவிப் பார்த்து உறுதி செய்தார்.

முதல் பரிசு கிடைத்தது. மாறுதல் ஆணையும் வந்தது, வால்பாறைக்கே. கூடவே ஓர் இணைப்பு: கம்பை உப்புத் தண்ணீரிலிருந்து காக்க மலையைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்பதால், சங்குமுனைக் கடல் மட்டத்தை இனி வால்பாறையிலிருந்தே சவரிராயன் அளந்து வர வேண்டும்.

அவர் வால்பாறைப் பள்ளி மைதானத்தில் கம்பை நட்டார். மனைவி குடை பிடித்தார். பூஜ்யம். பழைய முடிவு சரியே என்று அறிக்கை போனது.

ஜூலை 18 அன்று வால்பாறையில் கனமழை பெய்தது. கம்பின் அடியில் நான்கு விரற்கடை தண்ணீர் நின்றது. கடல் ஏறிவிட்டதாகச் சவரிராயன் தகவல் கொடுத்ததன் பேரில், சங்குமுனையில் கொளுத்தும் வெயிலில் பள்ளி மொட்டைமாடிக்கு மாற்றப்பட்டது.