இன்ஜினியரிடம் கேட்டது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகை வைத்திருந்தார் தணிகாசலம். மூட்டை தூக்கி மேலே வந்தவர். பேரத்தில் அவரை மடக்க ஆள் கிடையாது, கோபத்திலும் அப்படித்தான். அவர் குரல் இறங்குவது ஒரே இடத்தில்: தோப்புக்குள் இருந்த மடத்தில், தன்னைவிடப் பத்து வயது இளையவரான மெய்யம்மையின் முன்னால். அந்த அம்மாவைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

அன்று அங்கேயும் குரல் இறங்கவில்லை.

ஆராய்ச்சிக்குச் செலவு செய்தால்தான் நம்மைப் போன்ற நாட்டில் வேலை பெருகும் என்று ஏதோ கூட்டத்தில் ஒரு படிப்பாளி பேசினாராம். அதை நம்பி, ஓர் இன்ஜினியரை மூன்று வருஷம் சம்பளம் போட்டு உட்காரவைத்தார். இப்போது கொட்டை உடைக்கும் மெஷின் தயார். அறுபது பெண்கள் உடைப்பதை ஆறு பேர் உடைத்துவிடலாம். திங்கட்கிழமை மற்றவர்களை நிறுத்த வேண்டும். மூட்டை தூக்கிய காலத்தில் அவருக்குச் சோறு போட்ட அஞ்சலையும் அதில் ஒருத்தி.

"ஐம்பத்துநாலு வீட்டு அடுப்பை அணைக்கப் போறேன். பொய் சொன்னது யாரும்மா? அந்தப் படிச்சவனா, இந்த மெஷினா?"

மெய்யம்மை ஒரு கைப்பிடிக் கொட்டையையும் மரக்கட்டையையும் அவர் முன் வைத்து, உடைக்கச் சொன்னார்.

தணிகாசலம் கட்டையை எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சாம்பல் குடுங்கம்மா."

"எதுக்கு?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முந்திரித் தோப்பில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா? கொட்டை ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டால் விரல் வெந்துபோகும். சாம்பல் பூசினாலும் மூன்று நாள்தான் தாங்கும்; நாலாம் நாள் பாதிப் பேர் வர மாட்டார்கள். அதனாலேயே வருஷா வருஷம் ஆர்டர் கைநழுவிப் போகிறது. கை மட்டும் தாங்கினால் இன்னும் நாற்பது பேரைச் சேர்த்திருப்பேன் என்று பொரிந்து தள்ளினார்.

"இதை இன்ஜினியர்கிட்ட சொன்னீங்களா?"

"இதைப் போய் அவர்கிட்ட சொல்வாங்களா? ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"அப்போ அவர்கிட்ட என்ன கேட்டீங்க?"

தணிகாசலம் கட்டையைக் கீழே வைத்தார்.

"எத்தனை ஆளைக் குறைக்கலாம்னு."

மெய்யம்மை கொட்டைகளை முறத்தில் திரும்ப அள்ளினார்.

"நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்கீங்க. கேட்டதைக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கார். இன்னும் உங்க சம்பளத்துலதான் இருக்காரா?"