தலைகீழாக வந்த கவிதை

எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலம். கல்யாண வாழ்த்து மடல்களுக்குத் தானே பாட்டும் எழுதி அச்சுக்கோக்கும் செங்கமலத்தைக் கண்டால் பேராசிரியர் ஆளவந்தாருக்கு இளக்காரம்.

"எல்லாருக்கும் புரிவதெல்லாம் கவிதையா? என் கவிதையில் ஒரு பிழை வந்தாலும் இவளை வேலையைவிட்டு அனுப்பிவிடும்" என்று, தன் கவிதையை அச்சுக்குக் கொடுக்கும்போது அச்சக முதலாளியிடம் சொன்னார்.

மறுநாள் செங்கமலம் பிழை பார்க்கப் புரூஃப் தாளை அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்து, "பிழையில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, கடைசி வரியில ஆரம்பிச்சு மொத்தத்தையும் தலைகீழா கோத்திருக்கேன்" என்றாள் அவள்.

பேராசிரியர் தாளைப் பிடுங்கி, முதல் வரி எங்கே என்று தேடினார்.

"என் பாட்டுல ரெண்டு வரி இடம் மாறினா கல்யாணச் சமையல்காரரே கண்டுபிடிச்சிடுவாருங்க."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீ போய் வேலையைப் பாரும்மா. ஐயா, அடுத்த கவிதைக்கு வரிக்கு வரி நம்பர் போட்டுக் கொடுங்க."