கிரீடத்தில் வெயில் பட்டால்

முன்னொரு காலத்தில், வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டை வெங்கதிர்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் தலை முழு வழுக்கை. சிரிக்காதீர்கள், கதையே அந்த வழுக்கையில்தான் தொடங்குகிறது. வழுக்கைக்கு மேலே கனத்த பொற்கிரீடம். கிரீடம் குளிர்ந்திருக்கும்வரை அவரைப்போல நல்ல மனுஷர் கிடையாது. வெயில் பட்டு அது சூடேறியதோ, போச்சு! எதிரே நிற்பவரின் மூக்கு மிஞ்சாது, காது மிஞ்சாது, மாடு கன்று எதுவும் மிஞ்சாது.

ஒருமுறை கிரீடம் சூடேறியபோது, சரியாக நிழல் தரவில்லை என்று ஒரு பனைமரத்துக்கு நூறு சவுக்கடி விதித்தார். அடித்தார்கள். அடிக்காமல் இருக்க முடியுமா? பனைமரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடித்தவனுக்குத்தான் தோள்பட்டை விலகிப்போனது.

இந்தக் கிரீட ரகசியம் அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது. நல்ல தீர்ப்பு சொன்னால் அது தன் அறிவு என்றும், கெட்ட தீர்ப்பு சொன்னால் அது அடுத்தவன் குற்றம் என்றும் நம்பிக்கொண்டிருந்தார். ராஜாக்கள் அப்படித்தானே.

ஆகவே அந்த நாட்டில் சேனாதிபதியைவிட, அமைச்சரைவிட முக்கியமான ஆள் ஒருத்தி இருந்தாள். நகர்வலத்தில் ராஜாவுக்கு வெண்குடை பிடிக்கும் செல்லாயி. அவள் குடை பிடித்த நான்கு வருஷத்தில் ஊரில் ஒரு மூக்கும் போகவில்லை. ஆனால் இப்போது அவளுக்கு நிறைமாதம். குடையைத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகிறது.

“உனக்குப் பதில் ஒரு ஆள் தேறும்வரை நீ வீட்டுக்குப் போகக்கூடாது” என்றார் அமைச்சர் பெருநம்பி.

“சரிங்க ஐயா. அதை என் வயித்துக்குள்ள இருக்கிறவங்ககிட்ட யார் சொல்றது?” என்று கேட்டாள் செல்லாயி.

அமைச்சர் ஆள் தேடினார். அகப்பட்டவர் சாத்தையன். அரண்மனை வாசலில் இருபது வருஷம் சங்கு ஊதியவர். போன பொங்கலுக்கு ஒரு முறுக்கைக் கடித்தார். முன்பல் இரண்டும் முறுக்கோடு போய்விட்டன. அன்றிலிருந்து அவர் சங்கை வாயில் வைத்தால் ‘புஸ்’ என்று காற்றுதான் வந்தது. வாசலில் நின்ற குதிரைகள்கூட அவரைத் திரும்பிப் பார்த்தன.

“குடை பிடிக்கக் கற்றுக்கொள்” என்றார் அமைச்சர். “முடியாவிட்டால் அகழி முதலைகளுக்குத் தீனி போடும் இடம் காலியாக இருக்கிறது. அந்த இடம் எப்போதும் காலியாகவே இருக்கும்.”

ஏன் காலியாக இருக்கும் என்று சாத்தையன் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்கு வியர்த்தது.

அமைச்சர் கற்றுக்கொடுக்க ஒரு முறையும் வைத்திருந்தார். “மூன்று நகர்வலம் அவளுக்கு நிழலாகப் போ. சரியாக ஓரடி பின்னால் நட. வாயைத் திறக்காதே. பார்த்துக் கற்றுக்கொள்.” உலகத்தில் யாருக்குமே தோன்றாத யோசனை தனக்குத் தோன்றிவிட்டதாக அவருக்கு மகா பெருமை. அதைக் கல்லில் வேறு செதுக்கி வைத்திருந்தார்.

சாத்தையன் முதல் நகர்வலத்துக்கு முன்பே செல்லாயியிடம் போய், “எப்படித் தாயி பிடிக்கிறே?” என்று கேட்டுப் பார்த்தார்.

“யாருக்குண்ணே தெரியும்? கை தானாப் போகுது” என்றாள் அவள். பொய் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது.

முதல் நகர்வலம். ஓரடி பின்னால் நடந்த சாத்தையன் செல்லாயியின் கைகளைப் பார்த்தார். வலக்கை மேலே, இடக்கை கீழே, காம்பு ஒரு சாண் இடப்பக்கம் சாய்வு. அட, இவ்வளவுதானா! மனப்பாடம் செய்துகொண்டார்.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் சோதனை. அமைச்சரே ராஜாவாக நின்றார். தலையில் ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து, அதன்மேல் ஓர் உருண்டை வெண்ணெய் வைத்துக்கொண்டார். வெண்ணெய் உருகாமல் முற்றத்தைச் சுற்றி வந்துவிட்டால் சாத்தையன் தேறினார்.

வலக்கை மேலே, இடக்கை கீழே, ஒரு சாண் சாய்வு. கிணறுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. கிணற்றருகே அமைச்சர் திரும்பினார். வெயில் வலப்பக்கம் வந்தது. குடை மட்டும் மனப்பாடம் செய்தபடி இடப்பக்கமே சாய்ந்திருந்தது. வெண்ணெய் உருகி அமைச்சரின் காதுக்குள் இறங்கியது.

“முதலைகள் பசியோடு இருக்கின்றன” என்றார் அமைச்சர், காதைக் குடைந்துகொண்டே.

இரண்டாம் நகர்வலம். கையைப் பார்த்ததுதான் தப்பு என்று சாத்தையன் முடிவு செய்தார். இந்தத் தடவை அண்ணாந்து குடையையே பார்த்தார். அதன் வட்டம், அதன் குஞ்சம், அது ராஜாவின் தலைக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எல்லாம் பார்த்தார்.

மறுநாள் மறுபடி முற்றம், மறுபடி செம்பு, மறுபடி வெண்ணெய். சாத்தையன் குடையைச் செம்புக்கு நேர் மேலே, நட்டநடுவில், ஒரு விரல்கூட விலகாமல் பிடித்தார். கண்ணைக் குடையிலிருந்து எடுக்கவே இல்லை. காலை வெயில் என்ன உச்சியிலிருந்தா வரும்? பக்கவாட்டில் நுழைந்து வெண்ணெயை உருக்கியது. வெண்ணெய் அமைச்சரின் மீசைக்கு வந்தது. அதோடு விட்டதா? அண்ணாந்தபடி நடந்த சாத்தையன் அமைச்சரின் வேட்டியை மிதித்துவிட்டார். அதற்குப்பின் நடந்ததை நான் சொல்ல மாட்டேன். அரண்மனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

“முதலைகள் மிகவும் பசியோடு இருக்கின்றன” என்றார் அமைச்சர், வேட்டியைக் கட்டிக்கொண்டே.

அன்று சாத்தையனுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கால் தானாக அகழிக்கரைக்குப் போயிற்று. அங்கே ஒரு முதலை அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. அவருக்கு இல்லாத பல்லெல்லாம் அதனிடம் இருந்தது.

மூன்றாம் நகர்வலம். இதுதான் கடைசி. கையையும் பார்த்தாயிற்று, குடையையும் பார்த்தாயிற்று, இனி எதைத்தான் பார்ப்பது? ஓரடி பின்னால் நடக்கிறவருக்குத் தெரிவதெல்லாம் செல்லாயியின் முதுகும் கொண்டையும்தான். “ஐயோ, என் பிழைப்பு ஒரு முறுக்கில் போயிற்றே” என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே நடந்தார்.

கடைத்தெருவில் திரும்பும்போது செல்லாயி “அம்மா” என்று முனகினாள். இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி. கால் தடுமாறியது. சாத்தையன் அமைச்சரின் கல்லையும் மறந்தார், முதலையையும் மறந்தார். ஓரடி முன்னால் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். குடை பிடிக்கும்போது அவள் முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

அவள் தன் கையைப் பார்க்கவில்லை. குடையைப் பார்க்கவில்லை. ராஜாவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

சாத்தையனும் தரையைப் பார்த்தார். புழுதியில் குடையின் நிழல் வட்டமாக விழுந்திருந்தது. ராஜா கொஞ்சம் விலகினால் போதும், கிரீடத்தின் நுனி நிழலாக வட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பார்த்த கணமே அவள் மணிக்கட்டு அசைய, வட்டம் நகர்ந்து நுனியை மூடியது. ராஜா திரும்பினார், நுனி எட்டிப் பார்த்தது, வட்டம் மூடியது. ராஜா குனிந்தார், நுனி எட்டிப் பார்த்தது, வட்டம் மூடியது.

“அடி ஆத்தா, இதுதானா சங்கதி!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து இருளப்பன் என்ற செக்காட்டி ராஜாவின் முன்னால் வந்து விழுந்திருந்தான்.

“மகாராஜா, அரண்மனைக் குதிரைங்க என் பிண்ணாக்கைப் பூராவும் தின்னுட்டுதுங்க. என் மாடு பட்டினி…” என்று ஆரம்பித்தவன், பெரிதாக ஒரு தும்மல் போட்டான். ராஜாவின் பாதுகை நனைந்தது.

அதே நேரம் செல்லாயிக்கு அடுத்த வலி வந்தது. குடை ஆடியது. கிரீடம் வெயிலில் பளபளத்தது. ராஜாவின் காதுமடல் சிவந்தது.

“இவன் மூக்கை…” என்று ராஜா தொடங்கினார்.

கடைத்தெருவே கண்ணை மூடிக்கொண்டது. சேவகன் ஒருவன் கத்தியில் கை வைத்தான். இருளப்பன் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“அண்ணே, பிடிங்க!” என்றாள் செல்லாயி.

சாத்தையன் குடையை வாங்கினார். ராஜாவைப் பார்க்கவில்லை, குடையைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வட்டத்துக்கு வெளியே கிரீடத்தின் நுனி துருத்திக்கொண்டு நின்றது. வட்டத்தை இழுத்தார். நுனி உள்ளே போயிற்று.

“மூக்கை…” என்று ராஜா மறுபடி சொன்னார். நிறுத்தினார். ஒரு பெருமூச்சு விட்டார். “…மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். பாவம், சளி பிடித்திருக்கிறது. சுக்குக் கஷாயம் கொடுங்கள். மாட்டுக்கு நான்கு மூட்டைப் பிண்ணாக்கும் கொடுங்கள்.”

ஊர் வாழ்த்தியது. செல்லாயியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். உச்சிவேளைக்குள் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்துவிட்டது. நல்ல கனம், நல்ல குரல்.

திரும்பும் வழியில் ராஜா, “சாத்தையா, எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? எப்படி அடக்கிக்கொண்டேன் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“பார்த்தேன் மகாராஜா, பார்த்துக்கிட்டேதான் வர்றேன்” என்றார் சாத்தையன், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் சாத்தையன் நடந்ததைச் சொல்லக் கேட்ட அமைச்சர் பெருநம்பி, தம் கல்லில் ‘ஓரடி பின்னால்’ என்பதைச் செதுக்கி எடுத்துவிட்டு, ‘பக்கத்தில்’ என்று வெட்டச் சொன்னார். அதுவும் தம் யோசனைதான் என்று கீழே தம் பெயரையும் போட்டுக்கொண்டார். போகட்டும், முதலைகள் பட்டினி கிடந்தன, ஊரில் மூக்குகள் பிழைத்தன, நமக்கு அது போதும்.

இதனால் அறிய வேண்டிய நீதி என்னவென்றால்: ஒருவரைப் பின்தொடர்ந்து தொழில் கற்க வந்தவர், அந்த ஆளின் கையைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த ஆளின் கண் எதைப் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும்.