துரையின் மூக்கும் கரையான் தின்ற சீட்டும்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் தெலூர் என்று ஒரு துரை இருந்தார். உத்தியோகம் சின்னது, மூக்குதான் பெரியது. "எங்கள் ஊர் பர்கண்டி ஒயினை முகர்ந்தாலே போதும், எந்தக் குன்றில் விளைந்த திராட்சை என்று சொல்லிவிடுவேன்!" என்று விருந்துக்கு விருந்து அளப்பார்.

ஒரு மழைக்காலத்தில் துரை வீட்டு ஒயின் பாட்டில்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. ஒயின் பரிமாறும் சவரிராயன்மேல் துரை பாய்ந்தார்.

"சாயங்காலம் விருந்து. அதற்குள் எது எந்தக் குன்று என்று பார்த்துச் சீட்டு ஒட்டு. ஒன்று தப்பினாலும் உனக்கு வேலை இல்லை!"

"என் மூக்குக்குக் கருவாடுதான் தெரியும், தொரை. விருந்தாளிங்க முன்னாடி நீங்களே மோந்து சொல்லுங்க, நான் ஒட்டிடறேன்."

துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாட்டிலில் வெள்ளைத்துணி சுற்றி ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். சாயங்காலம் விருந்தில் சவரிராயனும் அப்படியே ஊற்றி, ஒவ்வொரு கோப்பையாக நீட்டினான். துரை கண்ணை மூடி முகர்ந்தார்.

"இது கிழக்குக் குன்று!"

அடுத்த கோப்பை. "ஆகா, என் தாத்தா தோட்டம்!"

அதற்கும் அடுத்தது. "சீ, பள்ளத்துச் சரக்கு! இதைக் குதிரைக்கு ஊற்று!"

விருந்தாளிகள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் துரை சொல்லச் சொல்லச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சவரிராயன் துணியைப் பிரித்தான். உள்ளே இருந்தது ஒரே பாட்டில்.

"மூணு கோப்பைக்கும் இதுலேருந்துதான் ஊத்தினேன், தொரை. மூணு சீட்டையும் இதுலயே ஒட்டிடவா, இல்ல குதிரையை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒட்டவா?"